சர்வேயர் மூடிய டயர்

எங்கள் ரொமான்யா பக்கத்தில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால், அது அவன் செத்தாலும் போகாது. ஊர்ச் சுவரில் ஒட்டுகிற இரங்கல் சுவரொட்டியில் நல்ல பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பட்டப்பெயரையும் போட்டால்தான், போனது யார் என்று ஊருக்குப் புரியும். என் பட்டப்பெயர் ரேடியோ. ஏன் என்று இப்போதே சொல்ல வேண்டியதில்லை, போகப்போகத் தெரிந்துவிடும். நான் எழுத வந்தது நேவியோவைப் பற்றி. முதலில் அவரை எல்லோரும் சர்வேயர் என்றுதான் கூப்பிட்டார்கள். பிறகு வேறு பெயர் விழுந்தது. அதை வைத்தவன் நான்.

கடலுக்கும் குன்றுக்கும் நடுவில் இருக்கிற பைக் டிராக்கில் எனக்கு டயர் மாற்றும் கொட்டகை. இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு என்னைக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் டயர்தான். ஆனால் அதை நன்றாகப் படிப்பேன். வண்டி ஓட்டுகிறவன் வாயால் என்ன வேண்டுமானாலும் அளக்கலாம். டயர் உள்ளதைச் சொல்லிவிடும். நடுப்பாகம் தேய்ந்து ஓரம் புத்தம் புதிதாக இருந்தால், வளைவில் வண்டியைச் சாய்க்க ஆளுக்குப் பயம் என்று அர்த்தம். விளிம்பின் கடைசி நூல்வரை தேய்ந்து, ரப்பர் அலை அலையாகச் சுருண்டு, லேசாக நீலம் பாய்ந்திருந்தால், அவன் ஆள். அப்படி ஓட்டியவனை "டயரை மூடிட்டான்" என்போம். மூடாதவன் எத்தனை விரல் அகலம் மிச்சம் வைத்திருக்கிறான் என்பது மத்தியானச் சாப்பாட்டு மேசையில் செய்தியாக வாசிக்கப்படும். வாசிப்பவன் யார் என்று கேட்க வேண்டாம்.

திங்கட்கிழமை எங்கள் பக்கத்தில் முடிவெட்டுகிறவர்களுக்கும் அழகு நிலையக்காரர்களுக்கும் விடுமுறை. அதனால் திங்கட்கிழமை டிராக்கில் முக்கால்வாசி கத்தரிக்கோல் பிடிக்கிற கைதான். தோல் உடையை மாட்டிக்கொண்டு, முட்டியில் தேய்கிற பிளாஸ்டிக் துண்டை ஒட்டிக்கொண்டு, பெரிய பந்தயக்காரன் மாதிரி வந்து நிற்பார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினால் ஒவ்வொரு தலையும் லட்சணமாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் காது மறைய முடி வளர்ந்த ஒரே ஆள் நேவியோ.

ஐம்பத்து நாலு வயது. ஒல்லி, உயரம், எதையும் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். நிலம் அளக்கிற வேலை. முன்பெல்லாம் அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். முக்காலிக் கருவிக்குப் பின்னால் ஒருவர், வயலின் அந்தக் கோடியில் கோலைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர். நேவியோவுக்குக் கோல் பிடித்தவர் தெலியோ. பத்தொன்பது வருடம் இரண்டு பேரும் கத்திப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் பேசியது மூன்று வயலுக்குக் கேட்கும். பிறகு தானாகவே திரும்புகிற கருவி வந்தது. நேவியோவே கோலை எடுத்துக்கொண்டு நடந்தால், கருவி அவரைத் தேடித் தேடித் திரும்பும். அலுவலகம் தெலியோவை வீட்டுக்கு அனுப்பியது.

"இப்ப வேலை பாதி நேரத்துல முடிஞ்சிருது" என்று நேவியோ ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"மீதி நேரத்துல என்ன பண்றீங்க, சர்வேயரே?"

"முக்காலியைத் துடைப்பேன்."

அவர் மனைவி, தேவாலயப் பாட்டுக்குழு நடத்தியவரோடு ஃபெராரா நகரத்துக்குப் போய் ஒன்பது வருடமாகிறது. நான் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை. பின்னே எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பட்டப்பெயரை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது வயதில் நானூறு சிசி ஜப்பான் வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு டிராக்குக்கு வந்தார். நேர் பாதையில் அதை எல்லோரும் தாண்டிப் போவார்கள். என் மாமியார் கூடத் தாண்டியிருப்பாள். ஆனால் வளைவு வந்ததும் கதை மாறும். பிரேக்கை ஒரு பொட்டு தொடுவார், வண்டி அப்படியே படுத்துக்கொண்டு, கோடு போட்ட மாதிரி உள்ளே போய் வெளியே வரும். இரண்டாவது மாதமே இரண்டு பக்கமும் டயரை மூடிவிட்டார். நானே தடவிப் பார்த்து நம்பினேன்.

மொரேனா அவரைக் கண்டுபிடித்தது அந்த வளைவுகளில்தான். பெல்லாரியாவில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள், நாற்பத்தேழு வயது, பச்சை அறுநூறு சிசி. அவளுக்கு வாய் அதிகம். நானே அவளிடம் அடங்கிப் போவேன். இரண்டு பேரும் மஞ்சள் பட்டைக் கூட்டத்தில் இருந்தார்கள். டிராக்கில் மூன்று கூட்டம்: மெதுவாக ஓட்டுகிறவர்கள் கையில் நீலப் பட்டை, நடுத்தரம் மஞ்சள், வேகம் சிவப்பு. சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துப் பதிவு மேசையில் பட்டை கட்டுவார்கள். ஒவ்வொரு கூட்டமும் மணிக்கு ஒருமுறை, இருபது நிமிடம் ஓட்டலாம்.

அந்த இருபது நிமிடம் ஒரு நாட்டியம்தான். நேர் பாதையில் மொரேனா அவரைத் தாண்டுவாள். தாண்டியதும் இடது காலை ஒரு முறை வெளியே நீட்டுவாள். எங்கள் ஆட்கள் நன்றி சொல்வதும் வணக்கம் சொல்வதும் அப்படித்தான், கையை எடுக்க முடியாதே. வளைவு வந்ததும் அவர் அவளைப் பிடித்து உள்பக்கமாக முந்திப் போவார். அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவாள். மறுபடி நேர் பாதை, மறுபடி கால். மூன்று வருடம், ஒவ்வொரு திங்கட்கிழமையும், ஒரு நாளைக்கு ஆறு தடவை. முடிந்ததும் என் கொட்டகைக்கு வந்து பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு அலசுவார்கள்.

"எட்டாவது வளைவுல உள்ள போனே பாரு, பூனை மாதிரி! நான் பின்னாடி கண்ண மூடிக்கிட்டே வந்தேன்" என்பாள் மொரேனா. அவள் எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவாள்.

"நீங்க ஒரு சாண் முன்னாடியே பிரேக் போட்டீங்க" என்பார் அவர். அவர் எல்லோரையும் நீங்க என்பார், நாயைக்கூட.

"ஒரு சாணா? ஓடுற வண்டியில சாண் கணக்கு பாத்தியா?"

"இருபத்திரண்டு சென்டிமீட்டர் இருக்கும்."

"ஐயோ, ரேடியோ, கேட்டியா? இவன்கூட உக்காந்து ஒருநாள் பாஸ்தா சாப்பிட்டா, நீள வாரியா பிரிச்சு அடுக்கி வச்சிருவான்!"

அவர் காது சிவக்கும். இரண்டு கோப்பைக் காப்பி அவர்தான் வாங்கி வருவார். அவளுக்குச் சர்க்கரை இல்லாதது. சாயங்காலம் அவள் தன் வேனில் ஏறி வடக்கே போவாள், அவர் தன் வேனில் ஏறி மேற்கே போவார். அவர்கள் டிராக்குக்கு வெளியே சந்தித்ததே இல்லை. சந்தித்திருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா?

நாலாவது வருடம் மார்ச்சில் ஒரு திங்கள் அவருக்குக் காய்ச்சல். வரவில்லை. மொரேனா அன்றைக்குத் தனியாக ஓட்டினாள். சாயங்காலம் பதிவு மேசையில் அவள் சுற்று நேரத்தைப் பார்த்துவிட்டு, மஞ்சள் பட்டையை வெட்டிப் போட்டுச் சிவப்பைக் கட்டிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேகமானவள் நடுக்கூட்டத்தில் ஓட்டினால் மற்றவர்களுக்கு ஆபத்து.

அடுத்த வாரம் நேவியோ காய்ச்சல் தீர்ந்து வந்தார். அவள் கையில் சிவப்பைப் பார்த்தார். "வாழ்த்துகள்" என்றார். அன்று முழுக்க அவள் உள்ளே வரும்போது அவர் வெளியே போனார், அவர் வரும்போது அவள் போனாள். வாசலில் ஹெல்மெட் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். என் டயர் அடுக்கில் அவர் மட்டும் இரண்டு காப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஒன்று ஆறிப்போனது.

"சிவப்புக்கு எத்தனை நொடி குறைக்கணும்?" என்று கேட்டார்.

"உங்க கணக்குக்கு நாலு நொடி."

"வளைவுல நாலு நொடி இல்லை."

"வளைவுல உங்களுக்கு இனி எடுக்க ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் சுரண்டியாச்சு."

"அப்போ நேர் பாதைதான்" என்றார். அப்படித்தான் பெரிய வண்டிப் பேச்சு தொடங்கியது.

ஆளாளுக்கு ஒரு வண்டி சொன்னார்கள். பைக் வாங்கப் போகிறவன் நடுவில் நின்றால், எங்கள் ஊரில் பாதிரியார்கூட நின்று யோசனை சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரேஸ்தே என்று ஒரு முடிதிருத்துகிறவன், சிவப்புப் பட்டை, ஆயிரம் சிசி வைத்திருக்கிறான். அவன்தான் சத்தமாகச் சொன்னான்.

"ஆயிரம் வாங்குங்க, சர்வேயரே! இப்ப வர்ற வண்டியில எல்லாம் கம்ப்யூட்டர் இருக்கு. நீங்க தப்பு பண்ணா அதுவே மன்னிச்சிரும். என் பொண்டாட்டியவிட நல்ல குணம்."

"அவன் பேச்சக் கேக்காதீங்க" என்றேன் நான். "அறுநூறு வாங்குங்க. நீங்க வளைவுக்காரர். பெரிய வண்டி உங்கள வளைவுக்குள்ள எறியும், நீங்க போற வேகத்துல இல்ல, அது போற வேகத்துல. கண்ணு பயந்துரும். கண்ணு பயந்தா கை பிரேக்குக்குப் போயிரும்."

"பதாக்கா! டயர் மாத்துறவன் வண்டி ஓட்டச் சொல்லித் தர்றான்" என்றான் ஒரேஸ்தே. பதாக்கா என்றால் எங்கள் பக்கத்தில் முட்டாளும் அதுதான், செல்லமும் அதுதான். அன்றைக்கு எது என்று நான் கேட்கவில்லை.

நேவியோ மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். ரிமினியில் கடை கடையாகப் போய் வண்டிகள் மேல் உட்கார்ந்து பார்த்தார். இன்ச் டேப்பால் சீட்டிலிருந்து காலடிவரை அளந்தார். வாடகைக்கு அறுநூறில் ஒரு நாள், ஆயிரத்தில் ஒரு நாள் ஓட்டினார், ஆனால் வேறு டிராக்கில், மழை ஈரத்தில், பாதி வேகத்தில். பிறகு ஒரு திங்கட்கிழமை கட்டம் போட்ட தாளோடு என் கொட்டகைக்கு வந்தார். எங்கள் டிராக்கை முழுசாக வரைந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் தான் போகிற வேகம் பென்சிலில். நேர் பாதையில் மட்டும் மூன்று வண்ணத்தில் மூன்று கோடு.

"பாருங்க. வளைவை எல்லாம் இருக்கிறபடியே வச்சுக்கிட்டேன். அறுநூறுல நேர் பாதையில கிடைக்கிறது இரண்டரை நொடி. பத்தாது. ஆயிரத்துல நாலு புள்ளி இரண்டு."

"சர்வேயரே, வளைவு இருக்கிறபடி இருக்குமா?"

"வளைவு எங்க போகப் போகுது?" என்றார் நேவியோ. "அதை நானே அளந்திருக்கேன்."

எட்டாவது படித்தவன், கட்டம் போட்ட தாளை எதிர்த்து என்ன பேச முடியும்? ஏப்ரல் கடைசியில் நானூறை விற்றுவிட்டு, நீல நிறத்தில் ஆயிரம் சிசி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மொரேனா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். தலைமுடியைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. உனக்கு இது எதுக்குடா, மனுஷா?"

"நேரம் குறைக்கணும்" என்றார் அவர்.

கணக்கில் பாதி தப்பவில்லை. மே மாதம் இரண்டாவது திங்களில் நாலு நொடி குறைந்தது. எப்படியோ குறைந்தது. சிவப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்து கையை நீட்டிக் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தமாக ஏழெட்டுத் தடவை இருக்கும், அதில் ஒன்று அன்றைக்கு.

ஆனால் வளைவு எங்கோ போயிருந்தது. நேர் பாதையில் அவர் இப்போது மொரேனாவைத் தாண்டிப் போனார், இருநூற்று எழுபதில். வளைவு வந்ததும் பயந்து பிரேக்கை அமுக்கினார். வண்டி நிமிர்ந்து நின்றது. அவள் பின்னால் வந்து மோதாத குறை. உள்ளே இடமில்லை, வெளியே இடமில்லை. அவர் வளைவை உருட்டிக்கொண்டு முடித்துவிட்டு நேர் பாதையில் மறுபடி பறந்துவிடுவார். டிராக்கில் எல்லோரும் வெறுக்கிற ஒரே ஆள், வளைவில் வழியை மறித்து நேர் பாதையில் ஓடிப்போகிறவன்தான். மூன்று வருடம் அப்படிப்பட்டவர்களைத் திட்டிக்கொண்டிருந்தவர் நேவியோ.

மொரேனா ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னிடம் வந்தாள்.

"வளைவுல முன்னாடி ஒரு அலமாரி நிக்குது, ரேடியோ. நேர் பாதை வந்ததும் அலமாரிக்கு ரெக்கை முளைச்சிருது. நான் எங்கதான் ஓட்டறது?"

"அவர்கிட்டயே சொல்லேன்."

"எப்படிச் சொல்றது? அவன் மூஞ்சியப் பாத்தியா? ஞானஸ்நானம் வாங்கின குழந்தை மாதிரி வந்து பட்டையக் காட்டறான். நீயும் சொல்லிராதே. சொன்னே, அடுத்த தடவ உன் முடிய நான்தான் வெட்டுவேன்."

நான் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் வாயை மூடியிருந்த ஒரே சமயம் அதுதான். திறந்திருக்க வேண்டிய சமயமும் அதுதான்.

அதற்குப் பிறகு மொரேனா ஒரு வேலை செய்தாள். கூட்டத்தைக் கூப்பிட்டதும் கையுறையை மாட்டுவாள், கழற்றுவாள், மறுபடி மாட்டுவாள். அவர் கிளம்பிப் போய் ஒரு நிமிடம் கழித்துத்தான் போவாள். பாதிச் சுற்று இடைவெளி. என் கொட்டகை வாசலிலிருந்து எல்லாம் தெரியும். அவர் அவளைக் காணாமல் வேகத்தைக் குறைப்பார், திரும்பித் திரும்பிப் பார்ப்பார். தூரத்தில் அவர் குறைப்பதைப் பார்த்து அவளும் குறைப்பாள். டிராக்கின் இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் பச்சை. இருபது நிமிடமும் இரண்டும் கடிகாரத்தின் இரண்டு முள் மாதிரி சேராமலே சுற்றும். ஒருநாள் கொடி காட்டுகிறவன் என்னிடம் வந்து கேட்டான், "இவங்க ரெண்டு பேரும் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறாங்களா?" என்று.

ஜூனில் ஒரு காலை. மொரேனா வழக்கம்போல என் டயர் அடுக்கில் நேவியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் உட்கார்ந்தால் எனக்குப் பயம், அவருக்கும் பயம்போல.

"புது வண்டி டயரை மூடிட்டியா?" என்று கேட்டாள், ஏதோ கேட்க வேண்டுமே என்று.

"மூடிட்டேன்" என்றார் நேவியோ.

அடுத்த திங்கட்கிழமை, டிராக் திறக்கிறதற்கு முன்னாலேயே, பின்சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "வேற டயர் போட்டுடுங்க. பழசை இங்கயே வெளியில, அடுக்குல வச்சிருங்க" என்றார். பழைய டயரை யாரும் எங்கே வைப்பது என்று சொன்னதில்லை. எடுத்துப் பார்த்தேன். ஓரம் தேய்ந்திருந்தது, விளிம்புவரை. ஆனால் டிராக் தேய்த்தால் குறுக்காக அலை எழும்பும். இதில் சுற்றிலும் நேர் நேராகக் கீறல். தேய்மானம் பார்க்க வைத்திருக்கிற சின்னக் குழிகளில் கறுப்புத் தூள், சலித்த மாவு மாதிரி. மூன்று விரல் அகலத்தைக் காருக்குப் பெயின்ட் அடிக்கிறவன் மாதிரி உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார். வீட்டில், ஞாயிற்றுக்கிழமை, முட்டி போட்டு உட்கார்ந்து.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காற்றுப் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதே நான் எட்டாவதுக்கு மேல் இரண்டு வகுப்பு படித்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. மத்தியானம் ஒரு மணிக்கு டிராக்கை மூடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் நாட்டில் எஞ்சின் சத்தம் பாவம். கேன்டீனில் நீள மேசை. இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது. நான்தான் வண்டி ஓட்டுவதில்லையே, குடிக்கலாம். சும்மா இருக்க முடியவில்லை.

"கேட்டுக்குங்க. உலகத்துலயே முதல் தடவையா ஒரு டயரை வீட்டு ஹால்ல வச்சு மூடியிருக்காங்க" என்று தொடங்கினேன். டயரை எடுத்ததை, கீறலை, மாவு மாதிரித் தூளை எல்லாம் நடித்துக் காட்டினேன். முட்டி போட்டுத் தேய்க்கிறதையும் காட்டினேன். பெயரைச் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? நீல வண்டி என்று சொன்னேன்.

மேசை அதிர்ந்தது. ஒரேஸ்தே வாயிலிருந்த ரொட்டி வெளியே வந்துவிட்டது. "எத்தனாம் நம்பர் உப்புத்தாள், ரேடியோ? மரத்துக்குப் போடுற எண்பதா?"

மொரேனாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதைத்தான் நான் மறக்க மாட்டேன்.

"நூத்தி இருபது" என்று என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எண்பது ரொம்பச் சொரசொரப்பா இருக்கும்."

நேவியோ இரண்டு தட்டு வைத்துக்கொண்டு நின்றார். இரண்டிலும் சுட்ட பியாதினா ரொட்டி, ஒன்றில் மொரேனாவுக்குப் பிடித்த வெள்ளைச் சீஸும் கீரையும். அந்தத் தட்டை அவள் முன்னால் வைத்தார். சிந்தாமல், நேராக, மேசை ஓரத்துக்கு இணையாக வைத்தார். இன்னொரு தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு மணிக்கு டிராக் திறந்தபோது அவர் வேன் நின்ற இடம் காலியாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் பெயர் நிலைத்துவிட்டது. உப்புத்தாள்.

ஜூலையிலிருந்து அவர் வியாழக்கிழமை வந்தார். வியாழன் டிராக் வடக்கேயிருந்து மலை தாண்டி வருகிற ஜெர்மன்காரர்களுக்கு. பெரிய பெரிய வேன், தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சமைத்துக்கொள்வார்கள், அவர்கள் பாஷை அவர்களுக்குள். யாரும் அவரைத் தொந்தரவு பண்ணவில்லை. யாரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பதிவு மேசையில் அவரே கேட்டு மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டார்.

முதல் வியாழன் என் கொட்டகைப் பக்கம் வரவில்லை. இரண்டாவது வியாழனும் இல்லை. மூன்றாவதில் நானே போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "காத்து சரியா இருக்கா?" என்றேன்.

"இருக்கு" என்றார். கையில் சாக்குக்கட்டி. பின்டயர் ஓரத்தில், நடுவிலிருந்து விளிம்புவரை, வெள்ளைக் கோடு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். "சாய்ச்ச அளவுக்குக் கோடு அழியும். மிச்சத்தை அளந்து எழுதிக்கலாம்." நோட்டைக் காட்டினார். *முப்பத்தெட்டு மில்லிமீட்டர். முப்பத்தாறு. முப்பத்தாறு.*

ஒரு நாளைக்கு ஒரு வளைவு என்று எடுத்துக்கொண்டார். மற்ற வளைவுகளை விட்டுவிடுவார், அன்றைக்கு அந்த ஒன்றுதான். பெரிய வண்டியில் கண்ணைப் புதிதாகப் பழக்குகிறார். ஆகஸ்டில் இருபத்தைந்து. செப்டம்பரில் பதினொன்று. சாப்பாட்டு நேரத்தில் வேன் படியில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கோடு போட உட்கார்ந்துவிடுவார். நான் பக்கத்தில் போய் நின்றால் நிற்கலாம். வேண்டாம் என்று சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை தொண்டைவரை வந்தது. வேடிக்கை இல்லாமல் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அக்டோபர் நடுவில் டயரை மாற்றக் கொண்டுவந்தார். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்புவரை அலை. கடைசி நூலில் ரப்பர் பொடிச்சுருளாகத் திரண்டு, மேலே நீலம். வலது பக்கம், இடது பக்கம், இரண்டும். ஆயிரம் சிசியில் இப்படி மூடியவர்கள் சிவப்புப் பட்டையிலேயே நாலு பேர் இருக்க மாட்டார்கள்.

"சர்வேயரே..."

"பூஜ்யம்" என்றார். நோட்டை மூடிக்கொண்டே, "திங்கட்கிழமை அங்க சொல்வீங்களா?" என்று கேட்டார்.

"சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

"சிரிப்பு வர்ற மாதிரிதானே சொல்வீங்க?"

"இல்ல, இல்ல. உள்ளது உள்ளபடி."

"உங்களுக்கு அப்படிச் சொல்ல வருமா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அளந்து பார்க்கிற மாதிரிதான் கேட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் மேசையில் எழுந்து நின்றேன். குடிக்கவும் இல்லை. "நேவியோ டயரை மூடிட்டார். ரெண்டு பக்கமும். நான் கையால தொட்டுப் பாத்தேன்" என்றேன்.

மேசை வெடித்தது.

"இப்ப என்ன நம்பர், ரேடியோ? நானூறா? அது கண்ணாடிய மெருகு போடுறது!" என்றான் ஒரேஸ்தே.

"என் அம்மா மேல சத்தியம்டா!"

அதற்கு இன்னும் சிரித்தார்கள். என் அம்மா மேல் நான் நிறையப் பொய்க்குச் சத்தியம் செய்திருக்கிறேன். மொரேனா மட்டும் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். என் பின்னாலேயே கொட்டகைக்கு வந்தாள்.

"எங்க அது?"

எடுத்துக் கொடுத்தேன். விளிம்பை மெதுவாகக் கட்டைவிரலால் அழுத்தினாள், அலைக்குக் குறுக்காகத் தடவினாள். ரப்பர் சுருள் ஒன்று உதிர்ந்தது. அதை உருட்டிக்கொண்டே நின்றாள்.

"வியாழக்கிழமை யார்கூட ஓட்டறான்?"

"யார்கூடயும் இல்ல."

"ம்." சுருளைச் சுண்டி எறிந்தாள். பிறகு, "மூணு வருஷம் நேர் பாதையில நான் ஆக்சிலேட்டர முழுசாத் திருகினதே இல்ல, தெரியுமா?" என்றாள். "முழுசாத் திருகினா எட்டாவது வளைவுல அவன் என்னப் பிடிக்க முடியாது. அவன் காய்ச்சல்ல கிடந்த அன்னைக்கு, சும்மா எரிச்சலா இருந்துச்சு, திருகிட்டேன். பட்டைய மாத்திட்டாங்க."

"இதை அவர்கிட்ட சொல்லலாமில்ல?"

"எப்பச் சொல்றது? வியாழக்கிழமை எனக்குக் கடை இருக்கே" என்றாள். டயரை அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் அன்றைக்கு மத்தியானம் ஓட்டவில்லை.

குளிர்காலத்துக்கு டிராக்கை மூடுவதற்கு முந்தின வியாழன். ஜெர்மன்காரர்கள்கூட ஏழெட்டுப் பேர்தான். நேவியோ என் கொட்டகைக்கு வந்து, ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். ஒரு காப்பி வைத்திருந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்பல. சிரிச்சாங்க."

தலையை ஆட்டினார். "மொரேனாவும் சிரிச்சாங்களா?"

"இல்ல. அவ வந்து டயரைத் தொட்டுப் பாத்தா." பிறகு அவள் சொன்னதையெல்லாம் சொன்னேன், திருகாததை, காய்ச்சலை, எல்லாம். ரேடியோவாக இருந்து ஒருநாளாவது உருப்படியாக ஒன்றைச் சொல்ல வேண்டாமா?

அவர் கோப்பையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எவ்வளவு திருகாம வச்சிருந்தாங்களாம்? முக்காலா? பாதியா?"

"அதை நான் அளக்கலையே, சர்வேயரே."

"கேட்டிருக்கலாம்."

"நீங்களே கேளுங்க. வசந்தத்துல திங்கட்கிழமை வாங்க. வளைவு திரும்பி வந்துருச்சு, இனி அவளுக்கு வழி மறிக்காது."

"வழி மறிச்சேனா?" என்று நிமிர்ந்தார்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கோப்பையின் காது சுவருக்கு நேராக இருக்கும்படி திருப்பி வைத்தார்.

"வேணாம், ரேடியோ. திங்கட்கிழமை அங்க எனக்குப் பேர் சரியில்ல."

பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கடைசி முறைக்குப் போனார். ஜெர்மன்காரர்கள் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிராக்கில் அவர் ஒருவர்தான். நான் வாசலில் நின்று காதால் பார்த்தேன். டயர்க்காரனுக்குக் காதும் தெரியும். எட்டாவது வளைவிலிருந்து வெளியே வருகிற சத்தம் அருமையாக இருந்தது, முழுசாகப் படுத்துக்கொண்டு, ஒரு பிசிறில்லாமல். நேர் பாதைக்கு வந்தது. இனி ஏறும், ஏறும் என்று நின்றேன். ஏறவில்லை. பாதித் திருகலிலேயே நின்றுவிட்டது, மூடியும் இல்லை, முழுசாகத் திறந்தும் இல்லை, அப்படியே ஒரே அளவில் பிடித்துக்கொண்டு வந்தார். ஓரமாக, இடது பக்கம் ஒரு வண்டி தாண்டிப் போகிற அளவு இடம் விட்டு.

என்னைக் கடக்கும்போது ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். அடுத்த சுற்றும் அப்படித்தான்.